எழுத்தர் பிழை

போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து பருத்திக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஜனதா கல்லூரி இருந்தது. கல்லூரி என்று பெயர் பெரிதே தவிர, தகரக் கூரை போட்ட நாலு நீளக் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு கொடிக்கம்பம், பின்னால் ஐந்து ஏக்கர் சோளக்கொல்லை, அவ்வளவுதான். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குத் தச்சு, தறி, தேனீ வளர்ப்பு, பாலவாடி நடத்துவது என்று ஆறு மாதமோ பத்து மாதமோ சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்புகிற இடம். சர்க்கார் அதைத் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தவசி அங்கே எழுத்தர். முப்பத்திரண்டு வயது. போடியிலேயே பள்ளியிறுதி வரை படித்தவன். அவன் எழுதுகிற எதிலும் இடது மூலையில் எண், வலது மூலையில் தேதி, ஓரத்தில் இரண்டு விரல் இடம் இருக்கும். வீட்டுக்குப் பலசரக்குச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான். “உங்க வீட்டுக்காரரு மல்லிக்கும் மிளகாய்க்கும்கூட நம்பர் போடுறாரு தாயி” என்று கடைக்காரர் அவன் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

சனிக்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து ஒரு செய்தித்தாள் வெளியாகும். அது தவசியின் யோசனை. முன்பெல்லாம் வகுப்பு எப்போது தொடங்கும், விண்ணப்பம் எப்போது கொடுக்க வேண்டும் என்ற சேதி, மலைக்குப் போகிறவர்கள் வாயில்தான் போகும். மலையடியில் முந்தலில் இரண்டாந்தேதி என்று புறப்பட்டது மலையுச்சி மெட்டுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டாந்தேதி ஆகியிருக்கும். அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பொதிக்கழுதைகள் சனிக்கிழமை விடியலில் முந்தலிலிருந்து ஏறும். அந்தக் கழுதைக்காரர்களிடம் நூறு தாள் கொடுத்துவிட்டால் போதும். திங்கட்கிழமை காலையில், தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, கங்காணி அதை உரக்க வாசித்துவிடுவார். படித்த கங்காணி இல்லாத தோட்டத்தில் படித்த ஆள் யாராவது வாசிப்பார்கள்.

தாளில் பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. கிணற்று மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. தச்சுப் பிரிவு மாணவர்கள் பஞ்சாயத்துப் பள்ளிக்கு இருபது பெஞ்சு செய்து கொடுத்தார்கள். கல்லூரிக் கொல்லைக்குள் மாடு நுழைந்தால் பவுண்டில் அடைக்கப்படும். விடுதி மாணவர்கள் கொடிக்கம்பத்துக் கயிற்றில் வேட்டி உலர்த்தக் கூடாது. மலையில் இந்தக் கடைசிச் சேதிக்குத்தான் ரொம்ப நாள் சிரித்தார்களாம்.

வேடிக்கையானாலும் முறை தப்பாது. தவசி முதலில் ரஃப் நோட்டில் எழுதுவான். பிரின்சிபால் படித்துப் பார்த்து ஓரத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். அதற்குப் பிறகுதான் ஸ்டென்சிலில் ஊசிமுனையால் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டி, உருளையைச் சுற்றுவான். இரண்டு வருஷத்தில் தொண்ணூற்றாறு தாள். சுருக்கொப்பம் இல்லாமல் ஒரு தாள் போனதில்லை.

தொண்ணூற்றேழாவது தாள் அப்படிப் போயிற்று.

அது ஐம்பத்தேழாம் வருஷம், டிசம்பர் ஆறாந்தேதி, வெள்ளிக்கிழமை. பாலவாடி ஆசிரியைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு பெண்களை எடுப்பதாக அறிவித்து, நாற்பத்தொரு பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதில் நாலு இடம் மலைத் தோட்டத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது. தேர்வு முடிந்துவிட்டது. ஆனால் பிரின்சிபால் ஏதோ கூட்டமென்று மதுரைக்குப் போனவர் திங்கட்கிழமைதான் திரும்புவார்.

மத்தியானம் மூன்று மணிக்குக் காசிராஜன் ஒரு தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். காசிராஜன் கல்லூரியின் விவசாயப் போதகர். தேர்வுக் கமிட்டியில் ஒருவன். தவசியும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். படிப்பு முடிந்து காசிராஜன் விவசாயப் பயிற்சிக்குப் போனான். தவசிக்குப் போக வழியில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடிவந்து சொன்னது காசிராஜன்தான். அதைத் தவசி மறந்ததே இல்லை.

“எழுது மாப்ளே, லிஸ்டு வந்தாச்சு.”

“குடு, பாத்து எழுதிக்கிறேன்.”

“என் எழுத்து உனக்கு விளங்காது. கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நான் வாசிக்கிறேன், நீ எழுது.”

காசிராஜன் ஜன்னலோரம் நின்று வாசித்தான். முதலில் கீழ்நாட்டுப் பெண்கள் எட்டுப் பேர். பிறகு மலைத் தோட்டம். “ஒண்ணு, அன்னக்கொடி. ரெண்டு, ஜக்கம்மாள். மூணு…” தவசி எண் போட்டு எழுதினான். ரெண்டாவது பெயர் வந்தபோது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஜக்கம்மாள் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். இருபத்தாறு வயது. புருஷன் மலைக்காய்ச்சலில் போய் மூன்று வருஷம். வந்த நாற்பத்தொரு விண்ணப்பத்தில் சொந்தக் கையால், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரம் விட்டு எழுதியிருந்தது அவளுடையது ஒன்றுதான்.

எழுதி முடித்துவிட்டுத் தவசி பேனாவை மூடினான். “சார் திங்கக்கிழமைதான வருவாரு. அவரு கையெழுத்துப் போட்டதும் அடுத்த வாரத் தாள்ல போட்ருவோம்.”

“அடுத்த வாரமா? விளங்குன மாதிரிதான். தோட்டத்துல ஒரு வாரம் முன்னாடிச் சொல்லாமப் பேரேட்டுல பேரை வெட்டி விட மாட்டாய்ங்க. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டோட இருபதாந்தேதிக்குள்ள இங்க வந்து சேரணும். நீ அடுத்த வாரம் போட்டா, அந்தப் புள்ளைக எப்பச் சொல்லி எப்ப எறங்கும்?”

“சுருக்கொப்பம் இல்லாம நான் எப்பவும்…”

“கமிட்டி நானு. நான் சொல்றேன்ல? ஓட்டு. வெரசா ஓட்டு, முந்தலுக்கு நானே சைக்கிள்ல கொண்டு போய்க் குடுக்குறேன்.”

கழுதை யாருக்காகவும் காத்திருக்காது. காசிராஜன் சொன்னதில் நியாயமும் இருந்தது. தவசி ஸ்டென்சிலை எடுத்தான். உருளையைக் காசிராஜனே சுற்றினான். சட்டையில் மை பட்டதற்கு, “உன் சோலி இம்புட்டு அழுக்குச் சோலியா மாப்ளே” என்று சிரித்தான்.

தாள் மலையேறியது. ஒன்பதாந்தேதி பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்தபோது பெண்கள் குலவையிட்டார்கள் என்று கழுதைக்காரர் வந்து சொன்னார். ஜக்கம்மாள் அன்றைக்கே கங்காணி ஒச்சப்பனிடம் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவள் பேரை வெட்டி, ஸ்டோரில் அவள் இடத்துக்கு வேறொருத்தியை வைத்தார்கள்.

பதினேழாந்தேதி, செவ்வாய்க்கிழமை காலையில், பிரின்சிபால் அறையிலிருந்து ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. டைப் அடித்திருந்தது. பியூன் மலைச்சாமி அதைக் குண்டூசியோடு கொண்டுவந்து தவசி மேஜையில் வைத்தார். அறிவிப்பைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் பலகையில் குத்த வேண்டும் என்பது தவசி வைத்த ஏற்பாடு.

தவசி படித்தான். பதினோரு பெயர் அப்படியே இருந்தது. மலைத் தோட்டம் என்ற தலைப்புக்குக் கீழே ரெண்டாவது பெயர் மட்டும் வேறு. பொன்னுமணி, தேவாரம்.

பொன்னுமணியை அவனுக்குத் தெரியும். காசிராஜன் கல்யாணத்தில் பந்தியில் அவனுக்கு ரெண்டாம் முறை பாயசம் ஊற்றிய பெண். காசிராஜனின் கொழுந்தியாள்.

தவசி கொல்லைக்குப் போனான். காசிராஜன் தேனீப் பெட்டிகளின் அருகில் முகத்தில் வலைத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“காசி, லிஸ்டு மாறியிருக்கு.”

“பாத்தியா?” வலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “கிட்ட வராத, கொட்டிரும்.”

“ஜக்கம்மா பேரு எங்க?”

“எங்க மாமனாரு யாரையோ பிடிச்சு மேல வரைக்கும் போய்ட்டாரு. திங்கக்கிழம சார் மதுரையிலருந்து வரும்போதே கையில புது லிஸ்டோடதான் வந்தாரு. நான் என்ன பண்ண?”

“திங்கக்கிழமைன்னா எந்தத் திங்கக்கிழமை? ஒம்பதாந்தேதியா? எட்டு நாளா உனக்குத் தெரியுமா?”

காசிராஜன் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து மறுபடியும் மூடினான்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு ஆள அனுப்பி, பேரை வெட்டாதீகன்னு நிறுத்தியிருக்கலாமேடா. அந்தப் புள்ள வேலைய விட்டுருச்சு.”

“மாப்ளே, இது வீட்டுச் சமாச்சாரம். நான் வாயத் தொறந்தா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? நாளாக நாளாகச் சரியாப் போகும். உனக்கு இதுல என்ன நட்டம்?”

தவசி திரும்பி வந்து பட்டியலைப் பதிவேட்டில் ஏற்றினான். மலைச்சாமி அதைப் பலகையில் குத்தினார்.

மறுநாள் ஜக்கம்மாள் வந்தாள். தலையில் தகரப்பெட்டி. மெட்டிலிருந்து விடியலில் இறங்கியவள் முந்தலில் முகம் கழுவி, தலை சீவி, பூ வைத்துக்கொள்ள வழியில்லாதவளானாலும் வெளுத்த சேலையொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியைக் கொடிக்கம்பத்தடியில் இறக்கிவிட்டு நேரே பலகைக்குப் போனாள். ஆட்காட்டி விரலை ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரைக்கும் வந்தவள், மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

தவசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தான். அவளே உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். தொண்ணூற்றேழாவது தாள்.

“கிளார்க்கண்ணே, இதுல இருக்கேன். அங்க இல்ல.”

“வா, சார்கிட்டப் போவோம்” என்று தவசி எழுந்தான்.

பிரின்சிபால் நல்ல மாதிரி மனிதர் என்றுதான் பெயர். கோபப்பட மாட்டார், கதர்தான் உடுத்துவார், பியூனைக்கூட ‘வாங்க போங்க’ என்பார். அவள் நீட்டிய தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இதில் என் கையெழுத்து எங்கே இருக்கு? தவசி, ரஃப் நோட்டைக் கொண்டாங்க.”

தவசி கொண்டுவந்தான். அந்தப் பக்கத்தின் ஓரம் காலியாக இருந்தது. இரண்டு விரல் இடம், வெள்ளையாக.

“சார், நீங்க மதுரைக்குப் போயிருந்தீங்க. காசிராஜன் சார் லிஸ்டை வாசிச்சாரு. நான் எழுதினேன். மெஷின்லகூட அவருதான்…”

“அவரைக் கூப்பிடுங்க.”

காசிராஜன் வந்தான். கையில் ஈரமண் ஒட்டியிருந்தது. ஜக்கம்மாளைப் பார்க்கவில்லை. தவசியையும் பார்க்கவில்லை. பிரின்சிபாலின் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“காசிராஜன், நீங்க வாசித்த பட்டியலில் இந்த அம்மா பெயர் இருந்ததா?”

“இல்லைங்க சார்.”

தவசி அவன் முகத்தையே பார்த்தான்.

“காத்திருப்போர் பட்டியல்னு ஒண்ணு இருந்துச்சு சார். அதுல ரெண்டாவது இவங்க பேரு. ரெண்டு தாளும் மேஜை மேலதான் கெடந்துச்சு. இவரு அவசரத்துல அதப் பாத்து எழுதியிருப்பாரு.”

“காசி” என்றான் தவசி. “நீ கையிலயே தாளைக் குடுக்கல. ஜன்னல் பக்கம் நின்னு வாசிச்ச. ‘என் எழுத்து உனக்கு விளங்காது’ன்ன.”

“எனக்கு அப்படி ஞாபகம் இல்லைங்க சார்.” அதையும் அவன் காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஜக்கம்மாள் இவர்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மலைக்காரவுகளுக்கு நாலு எடம்னு போட்டிருந்துச்சே சாமி. தேவாரம் எப்ப மலையாச்சு?”

“மலையடிவாரம் அம்மா. விதியில் இடம் இருக்கு” என்றார் பிரின்சிபால் மிருதுவாக. “நீங்க அடுத்த வருஷம் போடுங்க. கட்டாயம் பார்க்கலாம்.”

அவள் தாளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மடித்து இடுப்பில் செருகினாள். “அடுத்த வருசம்” என்று ஒரு தடவை சொன்னாள். யாருக்கும் வணக்கம் போடவில்லை. வெளியே போய்ப் பெட்டியைத் தலையில் தூக்கி வைக்க ஆள் தேடினாள். மலைச்சாமி ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைத் தாளில் புதுப் பட்டியல் போனது. பச்சை மையில் சுருக்கொப்பத்தோடு. விளக்கம் ஒரு வரி இல்லை. உருளையைத் தவசிதான் சுற்றினான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, இருபத்தேழாந்தேதி, மலைச்சாமி தண்ணீர்ப்பானையை நிரப்பிக்கொண்டே சொன்னார்: “மேல அந்தப் புள்ளையத் தோட்டத்துல சேக்கலயாம்ல தம்பி. கூலிக்காரவுக லயத்துல யாரோ ஒருத்தி வீட்ல ஒண்டிக்கிட்டு, ஒருவேளை கஞ்சியோட கெடக்காம்.”

“ஏன் சேக்கல? காய்ப்பறிப்பு இன்னும் முடியலையே. ஆள் தேவைதான?”

“சர்டிபிகேட்டு பொய்யின்னு ஆகிப்போச்சே. பொய்ச் சர்டிபிகேட்டைக் காட்டிக் கல்லூரியில பிடிபட்டுட்டா, விரட்டிவிட்டுட்டாகன்னு மேல பேச்சு. ‘அப்பேர்ப்பட்டவள ஸ்டோருக்குள்ள விட்டா ஏலக்காயில்ல காணாமப் போகும்’னு ஒச்சப்பன் கங்காணி சொல்லிட்டானாம்.”

“யாரு கெளப்பிவிட்டது இத?”

மலைச்சாமி பானையை மூடினார். குரலைத் தாழ்த்தினார். “கழுதைக்காரரு ஒருத்தரு சந்தையில நம்ம காசிராஜன் சாரைப் பாத்து, ‘ஏன் சார் அந்தப் புள்ளைக்கு இல்லேன்னுட்டீக’ன்னு கேட்டிருக்காரு. ‘சர்டிபிகேட்டுல ஏதோ கோளாறுய்யா’ன்னாராம். அம்புட்டுத்தான். நீங்க நான் சொன்னதா சொல்லிராதீக.”

காசிராஜன் ஜக்கம்மாளின் இடத்தை எடுத்துக்கொண்டான், பழியைத் தவசி தலையில் போட்டான். அது வரைக்கும் ஏதோ பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. போகிற போக்கில், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற நேரத்தில், அந்தப் பெண்ணின் கஞ்சியிலும் மண்ணைப் போட்டிருக்கிறான்.

தவசி ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனான்.

“சார், நாளைத் தாளில் ஒரு திருத்தம் போடணும். ஜக்கம்மாள் சான்றிதழில் குறை எதுவும் இல்லைன்னு.”

“குறை இருக்குன்னு நாம் எங்கே சொன்னோம்?”

“நாம சொல்லல. மேல அப்படித்தான் பேச்சு. ஒரு தாள்ல பேரு இருக்கு, அப்புறம் வந்த தாள்ல பேரு இல்ல, காரணம் இல்ல. ஜனங்க அவங்களா ஒரு காரணம் வச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணுக்குக் கூலி வேலையும் போச்சு சார்.”

பிரின்சிபால் உண்மையிலேயே வருத்தப்பட்டார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவம்தான். போடுங்க. என்ன போடுவீங்க?”

“‘தேர்வுப் பட்டியல் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. இதற்கும் ஜக்கம்மாளின் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை.’”

“மாற்றியமைக்கப்பட்டதுன்னா, யார் மாற்றினது, ஏன் மாற்றினதுன்னு கேட்பாங்க. பட்டியல் மாறவே இல்லை தவசி. முதலில் போனது பிழை. பிழைன்னா யாரோ ஒருவர் செய்திருக்கணும். கமிட்டி பிழை செய்யாது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எழுத்தர் பிழைன்னு போடுங்க. இரண்டு வரியில் முடிஞ்சுடும். உங்க மேல் நடவடிக்கை ஒன்றும் எடுக்க மாட்டேன். பயப்படாதீங்க.”

தவசி நின்றான். வெளியே தச்சுப் பிரிவில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியும்: மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தாளில் ஒன்றும் போகாது. ஒன்றும் போகாவிட்டால் அவள் அந்த லயத்து வீட்டில் எத்தனை நாள் ஒண்டிக் கிடப்பாள்?

அவர் மேஜையிலேயே குனிந்து எழுதினான். எண் போட்டான். தேதி போட்டான். ‘7-12-57 தேதியிட்ட செய்தித்தாளில் ஜக்கம்மாள் என்பவரின் பெயர் எழுத்தரின் கவனக்குறைவால் தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. மேற்படியாரின் சான்றிதழ்கள் யாவும் சரியானவை.’

பிரின்சிபால் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டு, மை காயும்வரை ஊதிக் கொடுத்தார்.

சாயங்காலம் காசிராஜன் வந்தான். ரஃப் நோட்டு விரிந்து கிடந்தது, படித்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

“மாப்ளே, உனக்குப் பெரிய மனசுடா. எனக்கு ஒரு வாரமாத் தூக்கமில்ல, தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கப்பட்டவுங்க. முகத்தத் திருப்பிக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்க முடியும்?” சட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். “மொதத் தேனு. ஆபீசுக் கணக்குல ஏறாதது. புள்ளைகளுக்குக் குடு.”

தவசி ஸ்டென்சிலில் எழுதிக்கொண்டிருந்தான். ‘கவனக்குறைவால்’ என்ற சொல்லில் ஊசிமுனை நின்றது.

“சந்தையில என்ன சொன்ன காசி?”

“எந்தச் சந்தையில?”

“சர்டிபிகேட்டுல கோளாறுன்னு.”

காசிராஜன் முகம் சட்டென்று சுருங்கியது. “அது… கேக்குறவனுக்கு ஏதாச்சும் சொல்லணும்ல. வாய் தவறி வந்துருச்சு.”

“நான் மாட்டுனதுக்கு உனக்கு மனசு உறுத்துச்சு, அது நிசம்தான்னு வச்சுக்கிறேன். அந்தப் புள்ளைக்காக ஒருநாளாச்சும் உறுத்துச்சா?”

“நீ இப்பக் கோவத்துல இருக்க. அப்புறம் பேசுவோம்.” அவன் போய்விட்டான். பாட்டில் அங்கேயே இருந்தது. காலையில் மலைச்சாமி மேஜை துடைக்க வந்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

அந்த வாரம் கழுதைக்காரர்களிடம் தவசி தாளைக் கொடுக்கவில்லை. தாள் முன்னால் போய், அதைக் கங்காணி எப்படி வாசிப்பானோ, வாசிப்பானோ மாட்டானோ என்று கீழே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க அவனால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையில் தாள்களை வைத்துக்கொண்டு, முந்தலிலிருந்து தானே ஏறினான். மெட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, திங்கட்கிழமை பனி விலகுமுன் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அறுபது, எழுபது பேர் தலையில் கம்பளிச் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஜக்கம்மாள் வரிசையில் இல்லை. ஸ்டோர்ச் சுவரோரம் தனியாக நின்றாள். கங்காணி ஒச்சப்பன் நெடிய ஆள். காதில் கடுக்கன், தோளில் நீளக் கோட்டு, பேச்சில் கொஞ்சம் மலையாளம். நாலு தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“நீரே வாசியும்யா. எழுதுன வாய் வாசிச்சாத்தான நல்லா இருக்கும்.”

தவசி வாசித்தான். குளிரில் குரல் நடுங்கியது. முதலில் தறிப் பிரிவுச் சேதி. பிறகு புது வருஷ விடுமுறை. பிறகு திருத்தம். வாசித்து முடித்ததும் களத்தில் ஒரு முணுமுணுப்பு.

“அப்ப சர்டிபிகேட்டு?” என்றான் ஒச்சப்பன்.

“சரியான சர்டிபிகேட்டு. விண்ணப்பத்தோட வந்தப்ப நான் கண்ணால பாத்தது.”

“பெறகு யாரு மேல தப்பு?”

தவசி சுவரோரம் பார்த்தான். ஜக்கம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரின்சிபால் அறையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த எழுபது பேருக்கு முன்னால் உள்ளதைச் சொல்லிவிட வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? கமிட்டிக்காரரும் பெரிய மனிதர்களும் சொன்னது ஒரு பக்கம், கிளார்க் சொன்னது ஒரு பக்கம். விசாரித்து முடிகிற வரைக்கும் நீ ஒதுங்கியே நில்லு என்றுதான் ஒச்சப்பன் அவளைச் சொல்வான்.

“என் தப்புதான்” என்றான் தவசி. “பேரைப் பாக்காம எழுதிட்டேன்.”

ஒச்சப்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். “கொள்ளாம்! ஒத்தப் பேர ஒழுங்கா எழுதத் தெரியல, இவுகதான் நமக்குப் படிப்புச் சொல்லித் தாறாகளாம். ஏய், யாராச்சும் கல்லூரிக்குப் போறதா இருந்தா மொதல்ல ஒங்க பேரு ஒங்களுக்குத் தானான்னு கேட்டுக்கங்கப்பா.”

களம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் ஒரு கிழவர், “வேட்டி காயப்போட்டவகளையே பிடிக்கத் தெரிஞ்சவுக, இது தெரியலயே” என்றார். அதற்கும் சிரித்தார்கள். தவசியும் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு நின்றான்.

ஒச்சப்பன் பேரேட்டைத் திறந்தான். “ஸ்டோர்ல ஆள் போட்டாச்சு. அதக் கலைக்க முடியாது. காய்ப்பறிப்புல வேணும்னா சேந்துக்க. என்ன சொல்ற சேச்சி?”

ஜக்கம்மாள் சரியென்று தலையை ஆட்டினாள். ஸ்டோருக்குள் அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து காய் பிரித்தவள், இனி அட்டை ஏறுகிற ஈரக் காட்டுக்குள் குனிந்து பறிக்க வேண்டும். பெயர் ஏறியது. ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

தவசி அவளிடம் போனான்.

“ஸ்டோர்லயே கேட்டுப் பாக்கலாம்னு…”

“கீழ நிசத்தச் சொன்னீக. எனக்கு ஒண்ணும் கெடைக்கல.” அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டே பேசினாள். “இங்க பொய்யச் சொன்னீக. கூலி கெடைச்சிருக்கு. உங்க மேல எனக்கு வருத்தமில்லண்ணே.”

“ஜக்கம்மா…”

“ஒண்ணு மட்டும் செய்ங்க. இனிமே எம் பேர எந்தத் தாள்லயும் எழுதாதீக. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்.”

அவள் ஏலச்செடிகளுக்குள் இறங்கினாள். செடி ஆள் உயரம். நாலு அடி போனதும் ஆள் தெரியவில்லை. இலை அசைந்ததுதான் தெரிந்தது.

பையில் இன்னும் மூன்று தோட்டத்துக்குத் தாள் இருந்தது. அந்தப் பேச்சு அந்தத் தோட்டங்களுக்கும் போயிருக்கும். தவசி வழி கேட்டுக்கொண்டு நடந்தான். அடுத்த தோட்டத்தில் ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். கங்காணி தனியாக உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, கிளார்க்கே நேர்ல வந்துட்டீரு?”

தவசி தாளை நீட்டினான். “ஒரு திருத்தம் இருக்கு. நான் பண்ண தப்பு” என்றான். இந்த முறை குரல் நடுங்கவில்லை.